எருமை என்றால் எருமைதான்

கதை படிக்கும்போது கதையை மட்டும் படிக்கிறவர்கள் பாக்கியசாலிகள். அந்தப் பாக்கியம் சின்ன வயதில் எனக்கு நிறையவே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தொந்தரவாகும் அளவுக்கு இருந்தது.

தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப்படம் போடுவார்கள். கட்டிலில் ஒரு தாய் படுத்துக்கொண்டு இருமுவார். கேமரா அவரை அப்படியே விட்டுவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் எரியும் விளக்குக்குப் போகும். காற்று வீசும். விளக்கு அணையும். வீடே ‘உச்’ கொட்டும். நான் மட்டும், “எண்ணெய் ஊத்த மறந்துட்டாங்க” என்பேன்.

அதைவிடக் கஷ்டம் காதல் காட்சி. நாயகனும் நாயகியும் நெருங்கி வரும்போது திரை முழுக்க இரண்டு பூக்கள் வந்து முட்டிக்கொள்ளும். எங்கள் பள்ளியில் அப்போதுதான் மகரந்தச் சேர்க்கைப் பாடம் நடத்தியிருந்தார்கள். “ரெண்டு பூவும் நேரா முட்டிக்கிட்டா ஒண்ணும் ஆகாது, நடுவுல தேனீ வரணும்” என்று வீட்டாருக்கு அறிவித்தேன். சித்தப்பா அவசரமாக எழுந்து வெளியே போய்விட்டார். சிகரெட் பிடிக்கப் போகிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர், கைநாட்டு. ஆனால் விளக்குச் சுடர் லேசாக ஆடத் தொடங்கியதுமே முந்தானையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்வார். வாசலில் காக்கை கரைந்தால் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவார். நான் வகுப்பில் மூன்றாவது ரேங்க். படம் முடிந்ததும் கதையை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

யோசித்தால், இந்த நாட்டில் தேர்தல் என்ற ஏற்பாடே அப்பத்தா மாதிரி ஆட்களின் கண்ணை நம்பித்தான் தொடங்கியது. 1951 கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். அதனால் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் அவரவர் சின்னத்தை ஒட்டிவிட்டார்கள். பிடித்த படம் இருக்கிற பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். பிற்பாடு தேர்தல் ஆணையத்துக்காகச் சின்னங்களைப் பென்சிலில் வரைந்து கொடுத்தவர் எம்.எஸ். சேத்தி என்ற ஓவியர். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் புரிகிற சாமான் எது என்று கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசிப் பேசி வரைவாராம். அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒரு சின்னமும் தேறியிருக்காது.

அப்பத்தாவுக்கே ஒருமுறை சோதனை வந்தது. 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்திருந்ததால் இரட்டை இலையை முடக்கிவிட்டார்கள். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த அப்பத்தா முகம் சரியில்லை.

“ஏண்டா, எலையக் காணோம்?”

“இந்தத் தடவ எலை இல்ல அப்பத்தா. சேவலும் புறாவும்தான்.”

“எலை இல்லாம சேவல மட்டும் வச்சு என்ன பண்ண? எதுல பரிமாறுறது?”

அடுத்த மாதமே அணிகள் ஒன்று சேர்ந்தன, இலையும் திரும்பி வந்தது. சேவல் என்ன ஆனது என்று நான் கேட்டேன். அப்பத்தா என்னைப் பார்த்த பார்வையில் குழம்பு வாசனை இருந்தது.

அதே வருஷம் கோடை விடுமுறையில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்கள். மெரினாவில் கண்ணகி சிலை. இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1968இல் வைத்தது. விரித்த கூந்தல், கையில் சிலம்பு, முகத்தில் அப்படி ஒரு கோபம். “இந்தம்மா வளையல் சரியில்லன்னு கடையில திருப்பிக் குடுக்க வந்திருக்காங்களாப்பா?” என்று கேட்டேன். அப்பா தமிழ் வாத்தியார். சுண்டல் வாங்கித் தருவதாகச் சொல்லி என்னை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

இப்போது நினைத்தால் அதில் கால்வாசி சரி. கண்ணகி பாண்டியன் சபைக்குப் போனது நகை விவகாரமாகத்தான். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் பரல் தெறித்தது, வழக்கு முடிந்தது. சிலம்பு முதலில் ஒரு சாட்சிப் பொருள். நீதி, கற்பு, தமிழ் மானம் எல்லாம் அதன்மேல் பிறகு ஏறி உட்கார்ந்தவை. ஏறி உட்கார்ந்தவற்றின் எடை எவ்வளவு என்பது 2001 டிசம்பரில் அந்தச் சிலையை அகற்றியபோது எழுந்த கூச்சலில் தெரிந்தது. 2006இல் திரும்ப வைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஒரு டீக்கடையில் நின்று, “ஒரு சிலைக்கு இவ்வளவு சத்தமா?” என்று கேட்டவன் நான்தான். பாதி டீயோடு கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைத் தமிழய்யா வகுப்பில் வாசித்தார். தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி: தீபாவளி. பணக்காரப் பையன் வீட்டுக்கு ஒரு ‘ராஜா’ வந்திருக்கிறார். துணிமணிக்கே வழியில்லாத ஏழை வீட்டுக்கும் ஒரு பையன் வந்து சேர்கிறான். தாய் தகப்பன் இல்லாதவன், உடம்பெல்லாம் சிரங்கு, குளிரில் நடுங்குகிறான். அவன் பெயர் ராஜா. அந்த வீட்டுத் தாய் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று வைத்திருந்த துண்டை எடுத்து உடுத்திவிடுகிறாள்.

“தலைப்பு எவ்வாறு பொருந்துகிறது?” என்று அய்யா கேள்வி கொடுத்தார். நான் எழுதிய பதில்: “கதையில் ராஜா வருகிறார். எனவே தலைப்பு பொருந்துகிறது.” “தாய் ஏன் துண்டைக் கொடுத்தாள்?” என்பது அடுத்த கேள்வி. “வீட்டில் துண்டு உபரியாக இருந்தது” என்று எழுதியிருந்தேன். அய்யா இரண்டையும் வகுப்புக்குப் படித்துக் காட்டினார். முதல் தடவையாக என் எழுத்தைக் கேட்டு ஒரு கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு நானே சிரிப்பு வர எழுத முயன்றபோதெல்லாம் அந்தச் சிரிப்பு திரும்ப வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அய்யா சொன்னார்: “அந்த எண்ணெய்க் குளியல்தாண்டா பட்டாபிஷேகம். அந்தத் துண்டுதான் பட்டாடை.” எனக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. துண்டுக்குள் இவ்வளவு இருக்கிறதா? வீட்டுக்குப் போனதும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை நெடுநேரம் பார்த்தேன். அப்பா அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று பிடித்த பேய் இறங்க வருஷக்கணக்காயிற்று. அதுவரை எதிலும் எதுவும் தெரியாதவன், அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினேன். கல்லூரி விடுதிச் சாம்பாரில் மிதந்த ஒற்றை முருங்கைக்காயில் தனிமனிதனின் அந்நியமாதலைக் கண்டேன். அறைத்தோழன் கண்டது, முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ரசம் தீர்ந்துபோனதை.

பேய் உச்சத்தில் இருந்தபோது கல்லூரிக் கருத்தரங்கில் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ பற்றிக் கட்டுரை வாசித்தேன். கிழவன் பாய்மரத்தைத் தோளில் சுமந்து மேடேறுவது சிலுவைப் பாடு, கடல் காலம், மீன் கலை, சுறாக்கள் விமர்சகர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.

சில மாதம் கழித்து நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது, 1952இல் பெர்னார்டு பெரன்சன் என்ற கலை விமர்சகருக்கு ஹெமிங்வே எழுதிய கடிதத்தைப் பற்றிப் படித்தேன். இந்தக் கதையில் குறியீடு எதுவும் இல்லை, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான், மீன் மீன்தான், சுறா சுறாதான் என்கிறார் மனுஷன். குறியீடு என்று ஜனங்கள் சொல்வதைப் பற்றி அவர் உபயோகித்திருக்கும் வார்த்தையைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. என் கட்டுரையைப் பற்றி அவ்வளவு துல்லியமான விமர்சனம் அதற்குமுன் வந்ததில்லை.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கதை எழுதப் போனேன். ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. கதாநாயகன் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம், நின்றுபோனது. காரணம் ரொம்ப எளிமை. அவன் ஆபீஸிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று கதையில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதிவிட்டேன். திருத்தி எழுதச் சோம்பல். கடிகாரத்தை நிறுத்திவிட்டேன்.

ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, நின்றுபோன அந்தக் கடிகாரம் நகர மறுக்கும் நடுத்தர வர்க்கத்தின் மனசாட்சி என்று பத்து நிமிஷம் பேசினார். பேசி முடித்து என் பக்கம் திரும்பி, “சரிதானே?” என்றார். உள்ளதைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். நான் கண்களை மூடி, மெதுவாகத் தலையாட்டினேன். கண்களை மூடியது கூடுதல்.

1963இல் அமெரிக்காவில் புரூஸ் மெக்காலிஸ்டர் என்று 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், இங்கிலீஷ் வகுப்பில் குறியீடு குறியீடு என்று கேட்டு அலுத்துப்போய் நேரடியாக ஒரு காரியம் செய்தான். 150 எழுத்தாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினான். நீங்கள் தெரிந்தே திட்டம் போட்டுக் குறியீட்டை வைக்கிறீர்களா என்பது கேள்வி. சுமார் பாதிப் பேர் பதில் போட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். இல்லை என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டார் ஜாக் கெரோவாக். தெரிந்து ஒருநாளும் வைத்ததில்லை என்றார் ரே பிராட்பரி. ஐசக் அசிமோவ் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: தெரிந்தா, ஐயோ, கிடையவே கிடையாது, ஆனால் தெரியாமல் வந்து விழுவதை எப்படித் தவிர்ப்பது என்கிற மாதிரி. பையன் எனக்கு அனுப்பியிருந்தால் கடிகாரத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருப்பேன்.

கதைகளில் இப்படி என்றால், அன்றாடப் படங்களிலாவது தேறினேனா என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் மிக்ஸி வாங்கினோம். அட்டைப்பெட்டியில் காலுள்ள கண்ணாடிக் கிளாஸ் ஒன்று படம் போட்டிருந்தது. பில் போட்டதும் கடைக்காரரிடம், “அண்ணாச்சி, கிளாஸ் செட்டு எங்க?” என்றேன்.

“எந்தக் கிளாஸு?”

“பெட்டியில படம் போட்டிருக்கே.”

அண்ணாச்சி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். “பக்கத்துல குடை படமும் இருக்கு சார். குடையும் சேத்துக் குடுக்கவா?”

கிளாஸ் என்றால் உடையும் சாமான், குடை என்றால் நனையாமல் பார்த்துக்கொள் என்று ஆட்டோவில் வரும்போது மனைவி விளக்கினாள். ஆட்டோக்காரருக்கும் தெரிந்திருந்தது. திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

சரி, படித்தாவது தெரிந்துகொள்வோம் என்று குறியீடுகளைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன். அதில் ஆந்தையைப் பற்றி விசேஷமாகப் போட்டிருந்தார்கள். கிரேக்கர்களின் அறிவுத் தெய்வம் அதீனாவுக்கு உகந்த பறவை. பழைய ஏதென்ஸ் நாணயத்தில் இருந்த அந்த ஆந்தையை இன்றும் கிரீஸ் நாட்டு ஒரு யூரோ காசில் பார்க்கலாம். அந்தச் சமயம் பார்த்து, என்கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. எல்லோரும் சுவர்க்கடிகாரமும் பிள்ளையாரும் கொண்டுபோனார்கள். நான் பித்தளையில் அழகான ஒரு ஆந்தையைக் கொண்டுபோனேன்.

பால் பொங்கிக்கொண்டிருந்தது. நண்பரின் அம்மா ஆசையாகப் பொட்டலத்தைப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றது.

“என்னப்பா இது?”

“ஆந்தைங்கம்மா. அறிவுக்கு அடையாளம்.”

“கிரகப்பிரவேசத்துக்கா?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. விட்டுவிடலாமா? விடவில்லை. “பெங்கால்ல ஆந்தைதாம்மா லட்சுமிக்கே வாகனம்” என்றேன். இது உண்மை. உண்மையைச் சொல்ல நான் தேர்ந்தெடுக்கும் இடங்கள்தான் சரியாக அமைவதில்லை.

“அப்படின்னா கல்கத்தாவுல யாராச்சும் வீடு கட்டுனா கொண்டுபோய்க் குடுப்பா” என்று சொல்லி, ஆந்தையை என் கையிலேயே வைத்தார். பந்தியில் அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பாயசம் பரிமாற வந்த பையன் இரண்டு பேருக்கும் ஊற்றாமல் போனான்.

மருத்துவமனைச் சின்னத்தில் பட்டது வேறு கதை. சிவப்புச் சிலுவைதான் டாக்டர் சின்னம் என்று நம்பி, வீட்டு முதலுதவிப் பெட்டியில் சிவப்புப் பெயின்ட்டால் கூட்டல்குறி போட்டிருந்தேன். அது சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறத்தை மாற்றிப் போட்டது; 1864 ஜெனீவா ஒப்பந்தத்தின்போது போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனிப்பவர்களைச் சுடாமல் இருக்க வைத்த அடையாளம். ராணுவ மருத்துவப் பிரிவும் செஞ்சிலுவை அமைப்பும் தவிர மற்றவர்கள் கண்டபடி போடக்கூடாது என்று இந்தியாவில் 1960ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது ஒரு தைலம், காலாவதியான பேண்டேஜ், யாருடையது என்று தெரியாத ஒரு சாவி.

சரி, கம்பில் சுற்றிய பாம்பு? அதிலும் இரண்டு உண்டு. வெறும் கம்பில் ஒற்றைப் பாம்பு இருந்தால் கிரேக்க மருத்துவத் தெய்வம் அஸ்கிலீபியஸ். இரண்டு பாம்பும் மேலே இறக்கையும் இருந்தால் அது ஹெர்மீஸ் கையிலுள்ள கோல். அவர் வியாபாரத்துக்குத் தெய்வம். 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு இரட்டைப் பாம்பை எடுத்துக்கொண்டதிலிருந்து உலகத்தில் பாதிப் பேர் மாற்றித்தான் போடுகிறார்கள். ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பறையில் இரட்டைப் பாம்பைப் பார்த்துவிட்டு, தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று மனைவியிடம் ஆள்காட்டி விரல் நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பில் வந்தது. சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவன் அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? தங்கை மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் குறியீடு பற்றி புராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். கதையில் வரும் ஏதாவது ஒரு பொருள் என்ன சொல்ல வருகிறது என்று எழுத வேண்டும். “மாமாவுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்” என்று தங்கை அவளை என்னிடம் அனுப்பிவிட்டாள். வீட்டில் என் பெருமை இன்னும் சிலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

காக்கா வடை திருடிய கதையைத் தொடலாம் என்றாள் பிள்ளை. நான் இளக்காரமாகச் சிரித்தேன். ஈசாப் கதையில் அது பாலாடைக்கட்டி என்றும், நம் ஊருக்கு வந்ததும் வடையானது என்றும் சொன்னேன். “வடை பாட்டியோடதுதானே மாமா? நரி தின்னுச்சு, காக்கா ஏமாந்துச்சு. பாட்டிக்கு யாரு காசு குடுத்தா?” என்றாள். புராஜெக்டுக்கு இது சரிப்படாது, இலக்கியத்துக்குப் போவோம் என்று பேச்சை மாற்றினேன். பாட்டிக்குக் காசு கொடுக்காதவர்கள் பட்டியலில் நானும் சேர்ந்துகொண்டேன்.

இலக்கியம் என்று நான் போனது சங்க இலக்கியத்துக்கு. “வெள்ளைக்காரன் சிம்பலிசம்னு பேசுறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே, தொல்காப்பியத்துல உள்ளுறைன்னு சொல்லிட்டாங்க” என்று ஆரம்பித்தேன். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. பூ, பறவை, விலங்கு, பொழுது எல்லாவற்றையும் நிலத்தோடு கட்டிவைத்து, அதை வைத்தே மனசைப் பேசினார்கள். மலையையும் குறிஞ்சிப் பூவையும் காட்டினால் காதலர் சந்திப்பு. மாலையையும் முல்லையையும் காட்டினால் காத்திருத்தல். மூணாறு மலையில் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும், 2006, அப்புறம் 2018 என்றேன். “அப்போ 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் சந்திச்சுக்குவாங்களா?” என்றாள். எனக்கு என் மகரந்தச் சேர்க்கை நினைவு வந்தது. பரம்பரை வியாதி போல.

பிள்ளை ஆர்வமாகக் கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில் மருதத்துக்குத் தாவினேன். அங்கேதான் வழுக்கியது. “மருதப் பாட்டுல எருமை குளத்துல இறங்கி தாமரையெல்லாம் மிதிச்சு உழப்பும். மேலாகப் பார்த்தா வயல்காட்டுக் காட்சி. ஆனா அதைச் சொல்றவ வேற ஒண்ணை மனசுல வச்சுத்தான் சொல்றா. தலைவிக்குப் புரியும், தலைவனுக்கு உறைக்கும், சும்மா நிக்கிறவனுக்கு எருமை மட்டும்தான் தெரியும்.”

“வேற ஒண்ணுன்னா என்ன மாமா? எருமை யாரு?”

இங்கேதான் யோசித்தேன். எருமை என்பவர் தலைவன். தாமரை என்பது வீட்டில் இருக்கிற தலைவியின் மனசு. அவர் போன இடம் பரத்தை வீடு. கேட்பது எட்டாம் வகுப்புப் பிள்ளை. அடுப்படியில் தங்கை தாளித்துக்கொண்டிருக்கிறாள். காது மட்டும் இங்கே.

“எருமை... தலைவன்தான்” என்றேன்.

“தாமரைய ஏன் மிதிச்சாரு?”

“அவசரமா எங்கேயோ போனாரு.”

“எங்க?”

கடுகு வெடிப்பது நின்றது. “ஆமாண்ணே, எங்க போனாரு? நல்லா வெளக்கமாச் சொல்லு, நானும் கேக்குறேன்” என்றாள் தங்கை உள்ளேயிருந்து.

ஒரு காலத்தில் என் கட்டுரையைக் கெடுத்த ஹெமிங்வே அன்று என்னைக் காப்பாற்ற வந்தார். “இங்க பாரு கண்ணு. பெரிய எழுத்தாளர் ஒருத்தர் என்ன சொல்லியிருக்கார்னா, கடல்னா கடல்தான், சுறான்னா சுறாதான். அதே மாதிரி எருமைன்னா எருமைதான்.”

“அப்போ உள்ளுறை?”

“அடுத்த வருஷம் நடத்துவாங்க.”

அவள் என்னை வைத்து நேரம் போக்குவதை விட்டுவிட்டு ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையையே எடுத்து எழுதினாள். துண்டு எதைக் குறிக்கிறது என்று ஒரு பாரா. படித்துப் பார்த்தேன். குளிரில் நடுங்குகிறவனுக்கு முதலில் வேண்டியது துணி என்று ஆரம்பித்திருந்தாள். பட்டாபிஷேகத்தைச் சேர்க்கச் சொன்னேன். “அது நாலாவது வரில வருது மாமா, முதல்ல அவனுக்குக் குளிரு” என்றாள். எழுதட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அவள் என்னிடம் அனுமதி கேட்டிருக்கவில்லை.

புராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வேலை பாக்கி. வீட்டு ஆட்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம் வரைந்து, காரணம் எழுத வேண்டும். நோட்டு திரும்பி வந்த பிறகுதான் எனக்குக் காட்டினாள். தங்கைக்கு வாசல்மணி வரைந்திருந்தாள். அவங்க அப்பாவுக்குப் பெட்ரோல் பங்க். மூன்றாவதாக நான். கண்ணாடி, பேனா, அடுக்கிய புத்தகம் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டினேன். செல்போன் சார்ஜர்.

பரவாயில்லை, நல்ல குறியீடுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். “அதாவது, சோர்ந்து போனவங்களுக்கெல்லாம் மாமா ஒரு சக்தி குடுக்கிறவர்னு சொல்ல வர்ற?”

“காரணம் கீழ எழுதியிருக்கேன் மாமா.”

படித்தேன். “எங்கள் மாமா சார்ஜர் போன்றவர். அவசரத்துக்குத் தேடினால் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் நம்முடைய போனுக்குப் பொருந்தாது.”

பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் டிக் அடித்து, ‘மிகப் பொருத்தம்’ என்று எழுதியிருந்தார். அந்த டீச்சரை நான் பார்த்ததுகூட இல்லை.